புதுப்பிப்பு: ஜூம் வகுப்பில் கட்டங்கள் இடம் மாறிய விவகாரம்

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: அல்சூர் வீட்டிலிருந்து ஞாயிறு காலை தமிழ் வகுப்பு எடுக்கும்போது, தாமதமாக ஒரு பிள்ளை நுழைந்தாலே திரையில் பிள்ளைகள் முகம் தெரியும் கட்டங்கள் எல்லாம் குலைந்துபோய், "உன் பக்கத்துக் கட்டம் அடுத்த வரியைப் படிக்கட்டும்" என்றால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள் என்று. தீர்ந்தது.

எல்லாரும் கட்டம் கட்டமாகத் தெரியும் கேலரி வியூவில் ஒருவர் படத்தைப் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் போடலாம் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது என் திரையில் மட்டும்தான் மாறும் என்பது உறைக்கவே இல்லை. வியூ மெனுவில் 'ஃபாலோ ஹோஸ்ட்ஸ் வீடியோ ஆர்டர்' என்பதை அழுத்திய பிறகுதான் என் வரிசை பிள்ளைகளுக்கும் போனது.

ஒரே பக்கத்தில் 49 பேரைக் காட்டும் வசதி எனக்குத் தேவைப்படவில்லை, வழக்கமான 25 போதும். என் பழைய லேப்டாப் அதற்கே மூச்சு வாங்குகிறது.

அப்புறம், கேமரா அணைத்தவர்களை மறைக்கும் வசதியையும் போட்டுவிட்டேன், திரை பளிச்சென்று இருந்தது. பத்து நிமிடம் கழித்து சாட்டில் ஒரு வரி: "மிஸ், நான் எப்போ படிக்கணும்?" உடனே எடுத்துவிட்டேன்.