கதிருக்கு அந்த டப்பா கொடுக்கலாமா? (குடும்பக் குழு)

தேவி: நித்யா, கதிருக்கு சனிக்கிழமை காலைல ஃபுட்பால் செமி. ஜெயிச்சா அன்னிக்கு சாயங்காலமே ஃபைனல். நடுவுல 5 மணி நேரம்தான். அத்தான் கொடுத்த டப்பாவை இன்னிலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?

தேவி: [படம்]

சுந்தர்: தாராளமா ஆரம்பிம்மா. ஆன்டிஆக்சிடன்ட். ஓடிக் களைச்ச தசைக்கு உடனே சக்தி திரும்பும். காலைல 2, ராத்திரி 2.

விக்கி: காந்த மெத்தைக்கு அப்புறம் மாமாவோட அடுத்த ரிலீஸ்

ராஜி: விக்கி, வாயை மூடு

நித்யா: சித்தி, லேபிளைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஒரு மாத்திரைல வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 200 ஐ.யு., கோ-கியூ10 50 மி.கி. அப்பா கணக்குப்படி ஒரு நாளைக்கு 4 போட்டா சி மட்டுமே 2000 மி.கி. பெரியவங்களுக்கு மேல்வரம்பே அதுதான், சாப்பாட்டுல வர்றதும் சேர்ந்தா தாண்டிடும். தாண்டினா முதல்ல வர்றது வயித்துப்போக்கு.

விக்கி: செமி கிரவுண்டுல, ஃபைனல் பாத்ரூம்ல

கதிர்: டேய்

சுந்தர்: களைப்புக்குக் காரணமே ஃப்ரீ ரேடிக்கல், அதாவது செல்லைக் கெடுக்கிற துகள்தான். ஆன்டிஆக்சிடன்ட் அதை அழிச்சா சக்தி தானா வந்துடும். இவ்வளவுதான் சயின்ஸ்.

நித்யா: அப்பா, சக்தி திரும்புறது ஒரே வேலை இல்லை, நாலஞ்சு வேலை. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற நேரம். ஒரு வேக ஓட்டத்துக்குச் செலவாகிற உடனடி எரிபொருளான கிரியேட்டின் பாஸ்பேட் அரை நிமிஷம், ஒரு நிமிஷத்துல பாதி வந்துடும், 3–5 நிமிஷத்துல ஏறக்குறைய முழுசா வந்துடும். அதுக்கு வேண்டியது ஆக்சிஜனும், செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவும். வேகமா ஓடும்போது தசைல உண்டாகிற லாக்டேட் ஒரு மணி நேரத்துல ரத்தத்துலேர்ந்து போயிடும், சும்மா உக்காராம மெதுவா நடந்தா இன்னும் சீக்கிரம். தசைல சேமிச்சு வச்ச மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன்தான் நேரம் எடுக்கும். ஒரு ஃபுட்பால் மேட்ச்ல ஏறத்தாழ பாதி காலியாகும், நல்லா சாப்பிட்டாலும் முழுசா நிரம்ப ஒரு நாளுக்கு மேலகூட ஆகும். இந்த மூணுல எதுக்கும் சி, ஈ மாத்திரை உதவாது. எரிபொருள் மாவுச்சத்துதான்.

முரளி: 👍

ராஜி: தேவி, அந்த பி.பி. மெஷின் உங்க வீட்டுலயா இருக்கு?

தேவி: இல்லக்கா, போன மாசமே விக்கிகிட்ட கொடுத்தாச்சு

விக்கி: நான் வாங்கல

நித்யா: நாலாவதா ஒண்ணு இருக்கு, அங்கதான் அப்பா சொல்றதுல கொஞ்சம் நியாயம். கடுமையா விளையாடினதும் தசை நாருக்குள்ள, அதைச் சுருங்க வைக்கிற கால்சியம் வெளிய வர்ற கதவு சரியா வேலை செய்யாது. அதுல ஃப்ரீ ரேடிக்கலுக்குப் பங்கு உண்டு. முழு பலத்துல உதைக்கும்போது பெரிசா தெரியாது, மெதுவா படி ஏறும்போது கால் ஈயமா கனக்கும். ஒரு நாள் ரெண்டு நாள்கூட நிக்கும். என்-அசிடைல் சிஸ்டீன்னு ஒரு மருந்து களைப்பைத் தள்ளிப்போடுதுன்னு ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. ஆனா அது இந்த டப்பால இல்லை, குமட்டலும் கூடவே வரும். மேட்ச் அன்னிக்குப் புதுசா முயற்சி பண்ற சரக்கு இல்லை.

கதிர்: அக்கா மறுநாள் தொடை வலி?

நித்யா: அது லாக்டேட் இல்லை. திடீர்னு பிரேக் போட்டு நிக்கிறது, குதிச்சு இறங்குறது, இதுல நார்ல விழுற நுண்ணிய சேதம். 24லேர்ந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சம். இந்த வலிக்கு ஆன்டிஆக்சிடன்ட் உதவுமான்னு 2017ல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச்சு. சொல்லிக்கிற அளவுக்குக் குறையலை.

சுந்தர்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

விக்கி: மாமா பார்த்துட்டேன் 😂

நித்யா: சீசன் முழுக்க தினமும் போடுறதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். பயிற்சில கிளம்புற ஃப்ரீ ரேடிக்கல்தான் "இன்னும் மைட்டோகாண்ட்ரியா கட்டு"ன்னு செல்லுக்குப் போற தகவல்ல ஒண்ணு. அதை மாத்திரையால அடக்கினா தகவலும் அடங்கும். 2009ல ஒரு ஆய்வு, சி 1000 மி.கி.யும் ஈ 400 ஐ.யு.வும் 4 வாரம். உடற்பயிற்சியால இன்சுலின் நல்லா வேலை செய்யறது மாத்திரை போடாதவங்களுக்குத்தான் கூடுச்சு. 2014ல 11 வாரம் வேறொண்ணு, மாத்திரை போட்டவங்க தசைல மைட்டோகாண்ட்ரியா புரதம் எதிர்பார்த்த அளவு ஏறலை. ஆனா ஆக்சிஜன் எடுக்கிற திறன் ரெண்டு குழுவுக்கும் ஒண்ணாத்தான் கூடுச்சு. அதனால விஷம்னு சொல்லமாட்டேன். வேண்டாத வேலை.

முரளி: சுருக்கமா சொல்லும்மா. கோச் மீட்டிங் இருக்கு.

நித்யா: சரி மாமா. கதிர் 62 கிலோ. செமி முடிஞ்சதும் முதல் மூணு மணி நேரம், மணிக்கு 62–75 கிராம் மாவுச்சத்து. கிலோவுக்கு 1–1.2 கிராம்கிற கணக்கு. ஒரே மூச்சுல திணிக்காம அரை மணிக்கு ஒரு தடவை. முதல் தடவை 15 நிமிஷத்துக்குள்ள.

முரளி: அந்த முதல் தடவையைத்தான் பசங்க கோட்டை விடுவாங்க. குளிச்சு, போன் பார்த்து, ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சாப்பிடுவாங்க. தாமதமானா தசை இழுத்துக்கிற வேகமே ஏறத்தாழ பாதியாயிடும். எண்ணெய், நார்ச்சத்து அந்த இடைவேளைல வேண்டாம். வயித்துலயே தங்கும்.

முரளி: எடை பார்க்கணும். மேட்சுக்கு முன்னாடி, பின்னாடி, வேர்வை துடைச்சிட்டு. 1 கிலோ குறைஞ்சா 1.25லேர்ந்து 1.5 லிட்டர், கொஞ்சம் கொஞ்சமா, உப்போட. வெறும் தண்ணியை மடக்மடக்னு குடிச்சா பாதி சிறுநீராப் போயிடும்.

நித்யா: கூட 20 கிராம் புரதம். கடைசி ஒண்ணரை மணி நேரம் வயிறு லேசா இருக்கட்டும். 20–30 நிமிஷம் கண்ணை மூடிப் படுக்கலாம்.

கதிர்: கிரியேட்டின் பவுடர்?

நித்யா: அது நல்ல சரக்குதான், ஆனா தினம் 3–5 கிராம் போட்டு நிரம்ப 3–4 வாரம். சனிக்கு இப்ப ஆரம்பிச்சு பயனில்லை.

கதிர்: ஐஸ் தொட்டி?

நித்யா: ரெண்டு மேட்ச் உள்ள நாள்ல சரி, 10 நிமிஷம், முடிஞ்சதும் உடம்பைச் சூடாக்கணும். வெயிட் தூக்கின நாள்ல தினமும் வேண்டாம், தசை வளர்றது குறையும்.

ராஜி: அப்போ மெஷின் யாருகிட்ட

விக்கி: ஒரு டவுட். தாத்தாவும் இதே டப்பாலதான் போன வாரத்துலேர்ந்து போடுறார். முட்டி வலிக்குன்னு

நித்யா: தாத்தா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுறாரே

முரளி: என்ன? யாரு கொடுத்தா?

ராஜி: இவர்தான் வந்தப்ப ஒரு டப்பா வச்சிட்டுப் போனார்

முரளி: அத்தான், அப்பா என் வீட்டுல இருக்கார். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

சுந்தர்: வைட்டமின் மாப்ள. வைட்டமினுக்குமா பெர்மிஷன்

நித்யா: சண்டை அப்புறம். வைட்டமின் ஈ இவ்வளவு அளவுல ரத்தம் உறையறதை இன்னும் குறைக்கும், வார்ஃபரினோட சேர்ந்து ரத்தக்கசிவு வரலாம். கோ-கியூ10, ரத்தம் உறைய உதவுற வைட்டமின் கே மாதிரி அமைப்பு, அது வார்ஃபரின் வேலையைக் குறைக்கலாம். ரெண்டும் ஒரே மாத்திரைல. எந்தப் பக்கம் இழுத்திருக்குன்னு ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறையற நேரத்தைக் காட்டுற ரத்தப் பரிசோதனை, பார்க்காம சொல்ல முடியாது. டப்பாவை மட்டும் நிறுத்துங்க. வார்ஃபரினை நாமளா நிறுத்தக்கூடாது, அளவையும் மாத்தக்கூடாது. டாக்டருக்கு இப்பவே போன் பண்ணி லேபிள் படத்தை அனுப்புங்க.

நித்யா: ஈறுல ரத்தம், கருப்பா மலம், அடிபடாமலே நீலத் திட்டு, திடீர் தலைவலி, இதுல எது இருந்தாலும் போனெல்லாம் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி.

விக்கி: கேட்டேன். "முழங்கைல ஒரு திட்டு இருக்கு, நாற்காலில இடிச்சது"ன்னு சொல்றார்

நித்யா: இடிச்சாரா, இடிச்ச மாதிரி ஞாபகமா? போட்டோ அனுப்பு.

முரளி: டாக்டருக்கு அடிச்சுக்கிட்டு இருக்கேன். ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போறது யாரு? நாளைக்குக் காலைல எனக்கு டீம் பிராக்டிஸ்.

தேவி: அக்கா?

ராஜி: நாங்களா? மெஷின் இருந்தா நாங்களே வந்து பார்த்திருப்போம்

விக்கி: பி.பி. மெஷின்ல ஐ.என்.ஆர். தெரியாது பெரிய அத்தை

சுந்தர்: நானே கூட்டிட்டுப் போறேன். 7 மணிக்கு வர்றேன். ஆனா கதிருக்கு ஒரே ஒரு மாத்திரை, அன்னிக்கு மட்டும்

தேவி: அத்தான்...

கதிர்: பெரியப்பா டப்பா இப்ப என் பேக்ல இல்ல, அம்மா எங்கயோ எடுத்து வச்சிட்டாங்க

முரளி: டாக்டர் எடுத்துட்டார். இருங்க.