டேபிளுக்குள் ஒளிந்திருக்கும் நெடுவரிசைகள்: நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சாஃப்ட்வேர் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். டிரெய்லர் கேட்டுக்கு வந்ததும் பையன் பெட்டி எண், வண்டி எண், சீல் எண், நேரம் எல்லாவற்றையும் டேப்லெட்டில் அடித்து அனுப்புவான். நடுவில் நெட் போய்த் திரும்பினால், போன பதிவையே டேப்லெட் இன்னொரு தரம் அனுப்பிவிடும். இதெல்லாம் போய்ச் சேர்வது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு டேபிள். அதில் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் நெடுவரிசை, கிடையாது. அவசரத்துக்கு எக்ஸெல்லிலிருந்து ஏற்றிய டேபிள், அப்படியே நிலைத்துவிட்டது.

மாதக் கடைசியில் ஒரு பார்ட்டி நேரிலேயே வந்துவிட்டார். ஒரே நாற்பதடிப் பெட்டிக்கு இரண்டு வாடகை போட்டிருக்கிறீர்களே என்றார். அவர் சொன்னது சரிதான். உள்ளே போய்ப் பார்த்தால் அந்தப் பெட்டி மட்டுமில்லை, நிறைய ஜோடிகள் இருந்தன.

இரண்டில் ஒன்றை மட்டும் எப்படி அழிப்பது? எல்லா நெடுவரிசையும் அச்சு அசலாக ஒன்று. எந்த நிபந்தனை போட்டாலும் இரண்டும் சேர்ந்துதான் போகும். பழைய ஆபீஸ் அண்ணா ஒருவரைக் கூப்பிட்டேன். "செலக்ட் ஸ்டார் போட்டு எல்லாத்தையும் கேட்டாலும் சில நெடுவரிசை தெரியாதுப்பா. முன்னால சிடிஐடி, எக்ஸ்மின்னு ரெண்டு பேரைச் சேர்த்துப் போட்டுப் பாரு" என்றார்.

போட்டேன். நான் உருவாக்காத இரண்டு நெடுவரிசைகள் திரையில் வந்து நின்றன. ஒரு பதிவுக்கு சிடிஐடி 417,12. அதன் ஜோடிக்கு 417,13. முதல் எண் பக்கம், இரண்டாவது அந்தப் பக்கத்தில் எத்தனையாவது இடம். போஸ்ட்கிரெஸ் டேபிளை 8 கேபி பக்கங்களாக வைத்திருக்கிறது. எந்தப் பதிவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்கான முகவரிதான் இது. ஜோடிகளைப் பிரிக்க இது போதும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது எக்ஸ்மின். பதிவை எழுதிய டிரான்சாக்‌ஷனின் (ஒரே வேலையாகச் சேர்ந்து முடியும் கட்டளைகளின்) எண் அது. பெரும்பாலான ஜோடிகளில் இரண்டு எக்ஸ்மின்னும் வேறு வேறு. அதாவது இரண்டு தனித்தனித் தடவை வந்திருக்கிறது, டேப்லெட் வேலை. ஆனால் சில ஜோடிகளில் எண் ஒன்றேதான். அவை ஒரே மூச்சில் ஏறியவை, எக்ஸெல் ஷீட்டிலேயே இரண்டு முறை இருந்தவை. அதுவரை எல்லாப் பழியையும் கேட் பையன் மேல் போட்டுக்கொண்டிருந்தோம். அவன் பக்கம் தப்பே இல்லை என்று நிர்வாகத்துக்குக் காட்ட முடிந்தது. எனக்கு அது முக்கியமாக இருந்தது.

அப்புறம் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். அழிக்க வேண்டிய சிடிஐடிகளை ஒரு ஷீட்டில் குறித்துக்கொண்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவைத் திருத்தும்போது பழையதன் மேல் எழுதாது. புதுப் பிரதியை வேறு இடத்தில் எழுதும். பழையதன் எக்ஸ்மேக்ஸ் என்ற இன்னொரு மறை நெடுவரிசையில் திருத்திய டிரான்சாக்‌ஷன் எண்ணைப் போட்டு ஒதுக்கிவிடும். வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து அந்த இடத்தைக் காலி செய்ததும் அங்கே வேறொரு பெட்டி வந்து உட்காரலாம். ராத்திரி ஷிப்டில் அதுதான் நடந்தது. காலையில் பிகின் போட்டு, அழித்ததைத் திருப்பிக் காட்டும் ரிட்டர்னிங்கும் சேர்த்து டெலீட் ஓட்டினேன். பட்டியலில் என் ஷீட்டில் இல்லாத ஒரு பெட்டி எண் வந்தது. கை சில்லிட்டுவிட்டது. உடனே ரோல்பேக் போட்டு அழித்ததைப் பழையபடி ஆக்கினேன். பிறகு முகவரியை எடுப்பதையும் அழிப்பதையும் ஒரே கட்டளைக்குள் வைத்து ஓட்டி முடித்தேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அண்ணா, நான் கடைசி வருட மாணவி. காசிமேட்டில் படகு கட்டும் இடங்களை வரைபடத்தில் குறிக்கும் புராஜெக்ட் செய்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு எல்லை வேண்டும்; எக்ஸ்மின், ஒய்மின், எக்ஸ்மேக்ஸ், ஒய்மேக்ஸ் என்று பெயர் வைத்தேன். என் லேப்டாப்பில் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ், அங்கே ஒழுங்காக ஓடியது. கல்லூரி சர்வரில் போஸ்ட்கிரெஸ். டேபிளை உருவாக்கவே விடவில்லை. எக்ஸ்மின் என்ற பெயர் சிஸ்டம் நெடுவரிசையின் பெயரோடு மோதுகிறது என்றது. ஒய்மின்னை மட்டும் ஏற்றுக்கொள்கிறதே, எக்ஸ் என்ன பாவம் செய்தது என்று ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மேற்கோள் குறிக்குள் போட்டாலும் நடக்காது. இடது, வலது, மேல், கீழ் என்று பெயரை மாற்றியதும்தான் வேலை நடந்தது. எக்ஸ்மின் என்றால் என்னவென்று இந்த இழையில்தான் முழுசாகப் புரிந்தது. அதிலிருந்து பதிவு ஏறிய நேரத்தையும் எடுக்க முடியுமா அண்ணா?

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் பில்லிங்கைப் பார்க்கிறேன். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். இதே இரட்டைப் பதிவுத் தொல்லைதான், தீபாவளி நெருங்கும் நேரம், கடையில் கால் வைக்க இடமில்லை. போஸ்ட்கிரெஸ்காரர்கள் சொல்லும் சிடிஐடி மாதிரி இங்கேயும் இருக்கும் என்று தேடினேன். உள்ளே இருப்பது உண்மைதான். பிரைமரி கீயும் இல்லை, அதற்குப் பதிலாக நிற்கக்கூடிய யூனிக் கீயும் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராத நெடுவரிசை) இல்லை என்றால், மைஎஸ்க்யூஎல்லுக்குள் பதிவுகளைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி தானே 6 பைட்டில் ஒரு ரோ ஐடி போட்டுக்கொள்கிறது. ஆனால் எந்த செலக்ட் போட்டாலும் அதைப் பார்க்க முடியாது. கடைசியில் தானாக எண் ஏறும் ஆட்டோ இன்கிரிமென்ட் நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் சின்ன எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன். 8.0.30 பதிப்பிலிருந்து ஒரு செட்டிங் இருக்கிறது. அதை ஆன் செய்தால், கீ இல்லாமல் உருவாகும் புது டேபிள்களுக்கு மறைவாக ஒரு பிரைமரி கீயை அதுவே சேர்த்துவிடும். அது ஸ்டாரில் வராது. பெயர் சொல்லிக் கேட்டால் வரும்.

திருவொற்றியூரிலிருந்து:

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் போஸ்ட்கிரெஸில் ஓஐடி என்று ஒரு மறை நெடுவரிசை டேபிளுக்கு டேபிள் தானாக வரும். 2005இல் வந்த 8.1 பதிப்பில், கேட்டால்தான் வரும் என்று மாற்றினார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் அதையே பில் எண்ணாக வைத்துவிட்டார். வாடிக்கையாளர் கையில் இருக்கும் தாளில் அச்சடித்த எண்ணே அதுதான்! 32 பிட் எண், ஒரு சுற்று முடிந்தால் திரும்ப வரும், ஒரே எண் இரண்டு பதிவுக்கு விழாது என்ற உத்தரவாதமும் இல்லை. 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். பதிப்பை ஏற்றுவதற்கு முன் சொந்தமாக ஒரு நெடுவரிசை சேர்த்து, பழைய ஓஐடிகளை ஒவ்வொரு டேபிளாக அதில் நகலெடுத்து, பேப்பர் பில்களோடு சரிபார்த்தோம். நான்கு பேர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. மணலித் தம்பி ஒரு ராத்திரிக்குச் சேமித்துப் பட்டதை நாங்கள் பல வருடம் சேமித்துப் பட்டோம்.

மணலியிலிருந்து மறுபடி:

தங்கச்சி கேட்டதற்கு: நேரம் எடுக்கலாம், 9.5 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஆனால் டிரான்சாக்‌ஷன் முடிந்த நேரத்தைக் குறித்துவைக்கும் செட்டிங் முன்கூட்டியே ஆன் ஆகியிருக்க வேண்டும். சாதாரணமாக அது ஆஃபில்தான் இருக்கும், மாற்றினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எங்களுக்கும் ஆஃபில்தான் இருந்தது. அதனால் அந்தப் பார்ட்டிக்கு எந்தப் பதிவு எத்தனை மணிக்கு ஏறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை, இரண்டாவது வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது ஆன் செய்திருக்கிறேன். பெட்டி எண்ணும் கேட் நேரமும் சேர்ந்து யூனிக் என்றும் போட்டாயிற்று.

ஆரக்கிள் டேட்டாபேஸில் ரோ ஐடியை வைத்து வேலை பார்த்தவர்கள் பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் யாராவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த மாதம் எங்கள் பழைய கணக்கு டேபிள்களை ஆரக்கிளிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.