டாக்கர், லிசனர்: கம்பியைக் கையில் பிடித்தவருக்கு ஏற்ற சொல் எது?

குழுவினருக்கு வணக்கம்.

படகுக் கருவிகளை இணைக்கும் கையேட்டுக்கான நம் கலைச்சொல் பட்டியலில், கடல் வரைபடத்தில் படகின் இடத்தையும் வழியையும் காட்டும் சார்ட்பிளாட்டருக்குக் ‘கடல்வழித்திரை’, ஆட்டோபைலட்டுக்குத் ‘தானியங்கிச் சுக்கான்’ என்று முடிவாகிவிட்டது. ‘தானியங்கி மீகாமன்’ வேண்டும் என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கே போவது, எப்படிப் போவது என்று தீர்மானிப்பவர் மீகாமன். இந்தக் கருவி திசைகாட்டியைப் பார்த்துச் சுக்கானைத் திருப்புவதோடு சரி. வழியை அதற்கு வேறு யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த ‘சொல்லுதல்’தான் இன்றைய விவாதம்.

கம்பி வழியே தரவைச் சொல்லும் பக்கம் டாக்கர், அதைக் கேட்கும் பக்கம் லிசனர். முந்தைய மடல்களில் இந்த இரண்டுக்கும் வந்த பரிந்துரைகள் இவை:

> பேசி – கேட்பான்
> அனுப்பி – பெறுநி
> கரைவி – செவி

சொல்லைப் பார்க்கும் முன் கம்பியைப் பார்ப்போம். பழைய தானியங்கிச் சுக்கான்களில் பெரும்பாலானவை என்எம்இஏ 0183 என்ற நெறிமுறையில்தான் வழித்திரையோடு உரையாடும். வேகம் நொடிக்கு 4800 பிட். ஒரு கம்பி இணையில் ஒரே ஒரு கருவிதான் சொல்லலாம், பல கருவிகள் கேட்கலாம். கேட்ட கருவி அதே இணையில் ‘கேட்டேன்’ என்று பதில் தராது. படகு திட்டமிட்ட கோட்டிலிருந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ எவ்வளவு விலகியிருக்கிறது, அடுத்த வழிப்புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வழித்திரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். தானியங்கிச் சுக்கான் அதைக் கேட்டுத் தன் போக்கைத் திருத்திக்கொள்ளும்.

‘பேசி’யை நான் ஏற்காததற்குக் காரணம், அது தொலைபேசிக்கும் கைபேசிக்கும் போய்விட்டது. பேசி என்றால் இருவரும் பேசும் கருவி என்ற எண்ணம் முதலில் வந்துவிடும். இங்கே ஒரு பக்கப் பேச்சுதான்.

‘அனுப்பி’ பொருளில் தவறில்லை. ஆனால் அதே படகில் விஎச்எஃப் வானொலியும் இருக்கிறது. அதன் அலைபரப்பியையும் பலர் ‘அனுப்பி’ என்றே எழுதுகிறார்கள். ஒரே கையேட்டில் இரண்டையும் வைத்தால் அடிக்கடி அடைமொழி போடவேண்டிவரும்.

‘கரைவி’யைப் பரிந்துரைத்த ஐயா என்னை மன்னிக்கவேண்டும். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கரைதல் என்றால் அழைத்தல். கலத்தைக் கரையும் விளக்கம் கலங்கரை விளக்கம். ஒரு பக்கம் அழைத்துக்கொண்டே இருக்கும், மறுபக்கம் பதில் சொல்லாமல் அதைப் பார்த்துத் திரும்பும். இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. ஆனாலும் இன்றைக்குக் ‘கரைவி’ என்று படிப்பவர் மனத்தில் உப்பும் தண்ணீரும்தான் வரும். வேதியியலில் கரைப்பான், கரைபொருள் எல்லாம் ஊன்றிவிட்டன. கடல்நீரில் நனையும் படகில் ‘கரைவிக் கம்பி’ என்று எழுதினால் கம்பி கரைந்துவிடுமோ என்றே ஒருவர் கேட்கக்கூடும்.

என் பரிந்துரை: சொல்முனை, கேள்முனை.

கருவிக்குப் பெயர் தேவையில்லை, முனைக்குத்தான் தேவை. ஒரே வழித்திரை ஒரு இணையில் சொல்லும், இன்னொன்றில் ஜிபிஎஸ் ஏற்பியைக் கேட்கும். அதைப் போய் ‘சொல்லி’ என்றோ ‘கேட்பான்’ என்றோ ஒரே பெயரில் அடைத்தால் படிப்பவர் குழம்புவார். கையேட்டு வரியில் வைத்துப் பாருங்கள்: “வழித்திரையின் சொல்முனையைத் தானியங்கிச் சுக்கானின் கேள்முனையோடு இணைக்கவும்.” முதல் முறை படிப்பவருக்கே புரிகிறது.

புணர்ச்சி விதிப்படி சொன்முனை, கேண்முனை என்றுதான் வரவேண்டும் என்று நேற்று அக்கா எழுதியிருந்தார். சொன்மாலை, நாண்மலர் போல. இலக்கணம் அவர் பக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது படகின் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் படிக்கும் ஒட்டுத்தாள். ‘சொல்’, ‘கேள்’ என்ற இரண்டு வினையும் கண்ணுக்கு முழுசாகத் தெரியவேண்டும். ‘கேண்’ என்று மாறினால் அந்த வினை மறைந்துபோகிறது. இந்த இடத்தில் மட்டும் பிரித்தே எழுத அனுமதி கேட்கிறேன்.

அடுத்தது இதைவிட முக்கியம். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கம்பி உண்டு. நெறிமுறை அவற்றை ஏ, பி என்கிறது. தயாரிப்பாளர்கள் பலர் முறையே கூட்டல், கழித்தல் குறியிடுகிறார்கள். பட்டியலில் இதற்கு ‘நேர்முனை, எதிர்முனை’ என்று வந்திருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

காரணம் என் சொந்த அனுபவம். சிங்கப்பூரில் நண்பரின் 30 அடிப் பாய்மரப் படகில் 1990களின் தானியங்கிச் சுக்கான் ஒன்று இருந்தது. அதில் தரவுக்கு ஒரு கம்பி, தரைக்கு (கிரவுண்ட்) ஒரு கம்பி. புது வழித்திரையில் கூட்டல், கழித்தல் என்று இரண்டு கம்பி. கழித்தல் என்றால் மின்கலத்தின் எதிர்முனைதானே என்று நினைத்து அதைத் தரையோடு பிணைத்தேன். வழித்திரையின் அந்த வெளியீடு அன்றோடு வாயை மூடிக்கொண்டது. புதுக் கருவிகளில் இரண்டு கம்பியும் எதிரெதிராக ஏறி இறங்கும் சமிக்ஞைக் கம்பிகள். இரண்டுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடுதான் செய்தி. அதில் ஒன்றைத் தரையோடு கட்டினால் இயக்கும் சுற்று பழுதாகக்கூடும். ஏ கம்பியைச் சுக்கானின் தரவுக் கம்பியோடு சேர்த்து, இரண்டு கருவிகளின் தரையையும் ஒன்றாக்கி, பி கம்பியின் நுனியை உறையிட்டு எதிலும் படாமல் விட்டிருக்கவேண்டும். இன்னொரு வெளியீட்டில் அப்படிச் செய்தபின் சரியாக ஓடியது. சுக்கானில் கேள்முனைக்கே தனித்தனியாக இரண்டு கம்பி இருந்தால் ஏ-வை ஏ-வோடும் பி-யைப் பி-யோடும் இணைக்கலாம், அங்கே சிக்கல் இல்லை.

ஆகவே நேர், எதிர் இரண்டும் மின்கலத்துக்கு மட்டும் இருக்கட்டும். சமிக்ஞைக்கு ‘அ கம்பி, ஆ கம்பி’ என்று வைப்போம். கூட்டல் குறி உள்ளது அ, கழித்தல் குறி உள்ளது ஆ என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி போடலாம். நிறத்தை நம்பச் சொல்லவேண்டாம், நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும்.

கருவி அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் குறிக்கும் ‘சென்டென்ஸ்’ வாக்கியமாகவே இருக்கட்டும். டாலர் குறியில் தொடங்கி 82 எழுத்துக்குள் முடிகிற ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் அதன் தொடக்கத்தில் வரும் ‘டாக்கர் ஐடி’க்குச் ‘சொல்வோர் அடையாளம்’ என்று இருப்பது நீளம். ‘கருவிக்குறி’ போதும். டாலருக்கு அடுத்த இரண்டு எழுத்து அது. ஜிபிஎஸ் கருவி என்றால் ஜிபி, மின்னணு வரைபடம் என்றால் ஈசி. இது அலங்காரச் சொல் இல்லை, கையேட்டில் பலமுறை வரப்போகிறது. பழைய சுக்கான்களில் சில ஜிபி என்று தொடங்கும் வாக்கியத்தை மட்டுமே ஏற்கும். கணினியை வழித்திரையாக்கும் ஓப்பன்சிபிஎன் மென்பொருளோ இயல்பாக ஈசி என்று தொடங்கி அனுப்பும். கம்பியெல்லாம் சரியாக இருந்தும் ‘தரவு இல்லை’ என்று சுக்கான் கத்தினால், முதலில் பார்க்கவேண்டியது கருவிக்குறியை. அந்த மென்பொருளின் இணைப்பு அமைப்புகளில் அதை மாற்றும் இடம் இருக்கிறது. தமிழாக்கத்தில் அந்தப் பெட்டியின் பெயரும் கையேட்டின் சொல்லும் ஒன்றாக இருக்கவேண்டும்.

சொல்முனை, கேள்முனை, அ கம்பி, ஆ கம்பி, கருவிக்குறி. இந்த ஐந்துக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். படகில் வேலை செய்பவர் யாரையாவது தெரிந்தால், விளக்கம் எதுவும் சொல்லாமல் மேலே உள்ள கையேட்டு வரியை மட்டும் காட்டி, எந்தக் கம்பியை எதில் சேர்ப்பீர்கள் என்று கேட்டு, அவர் பதிலையும் சேர்த்து அனுப்புங்கள்.