அசிங்க்ரனஸ் ரிக்வெஸ்ட்: தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:
செயலி உருவாக்கப் பாடநூலின் வலை இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அசிங்க்ரனஸ் ரிக்வெஸ்ட் என்பதற்கு வரைவில் "ஒத்திசைவற்ற கோரிக்கை" என்றிருக்கிறது. இருக்கட்டுமா?

நிரலாளர்:
வேண்டாம். தரவை சிங்க் செய்வதற்கு ஏற்கெனவே "ஒத்திசை" என்று போட்டிருக்கிறீர்கள். ஒத்திசைவற்ற என்றால், கைப்பேசியில் ஒரு தரவும் சர்வரில் வேறொன்றும் இருப்பதாகத்தான் மாணவர் எண்ணுவார். இங்கே சிக்கல் வேறு. திரையை வரைவதும் தொடுகையைக் கவனிப்பதும் ஒரே முதன்மை இழை, அதாவது வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் த்ரெட். நொடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம்) என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி. சர்வரின் பதிலுக்காக அந்த இழை நின்றால் திரை உறையும். ஆண்ட்ராய்டில் 5 நொடிவரை தொடுகைக்கு மறுமொழி இல்லையென்றால் "செயலி பதிலளிக்கவில்லை" என்று எழும். கோரிக்கையை அனுப்பிவிட்டு இழை தன் வேலையைப் பார்க்கப் போக வேண்டும். அது சொல்லில் தெரியட்டும்.

இலக்கண ஆசிரியர்:
அப்படியானால் "காத்திராக் கோரிக்கை". ஓடாக் குதிரை போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ககரம் மிகும், அச்சில் விட்டுவிடாதீர்கள். கோரிக்கை என்பதிலும் மனு வாடை அடிக்கிறது. தொல்காப்பியம் வினாவுக்கு இணையாக வைப்பது செப்பு; தெலுங்கில் அது இன்றும் பேச்சு வழக்கு. வினா, செப்பு என்றே இரண்டையும் வைக்கலாமே?

வகுப்பாசிரியர்:
ஐயா, செப்பு என்றால் பிள்ளைகளுக்குச் செம்பும் விளையாட்டுச் சாமானும்தான் நினைவுக்கு வரும். கோரிக்கை, பதில் போதும்.

நிரலாளர்:
காத்திராவிலும் இடிக்கிறது. ஆப்பிளின் நிரல்மொழியான ஸ்விஃப்டில் 5.5 பதிப்பு முதல் அசிங்க் என்ற சொல்லோடு சேர்ந்தே வருவது, விடை வரும்வரை நிற்கச் சொல்லும் அவெய்ட். அதைக் "காத்திரு" என்று பெயர்த்திருக்கிறோம். காத்திராக் கோரிக்கைக்குக் காத்திரு என்று எப்படி எழுதுவது?

இலக்கண ஆசிரியர்:
முரணே இல்லை. காத்திருப்பது செயற்கூறு (ஃபங்ஷன்), காத்திராதது இழை. பெயரெச்சம் எழுவாயை மட்டுமா கொள்ளும்? உண்ணாச் சோறு என்றால் சோறா உண்ணவில்லை?

வகுப்பாசிரியர்:
இலக்கணம் சரி, ஆனால் வகுப்பில் அதற்கே ஒரு மணிநேரம் போய்விடும். "பின்விடைக் கோரிக்கை" என்கிறேன். மாணவர் தடுக்கி விழும் இடமெல்லாம் விடை பிந்தி வருவதால்தான். தேடல் பெட்டியில் "மர" என்று ஒரு கோரிக்கை, "மரம்" என்று அடுத்தது; முதலாவதன் விடை கடைசியாக வந்தால் பழைய பட்டியல் புதியதை அழித்துவிடும். ஆகவே அடுத்ததை அனுப்புமுன் முந்தியதை ரத்து செய்ய வேண்டும். பயனர் திரையை விட்டுப் போனாலும் அப்படியே. ஆண்ட்ராய்டு செயலி சர்வரோடு பேச உதவும் ஓகேஎச்டிடிபி நிரலகத்தில் விடை வந்து சேர்வது பின்னணி இழையில். திரையை மாற்ற முதன்மை இழைக்குத் திரும்ப வேண்டும். "கேட்டது இல்லை" என்னும் 404 குறியீடு வந்தாலும் அது விடைதான், தோல்விக் கிளைக்குப் போகாது. நிலைக்குறியீட்டைத் தனியே பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
பின்விடைக்கு மூவர், காத்திராவுக்கு ஒருவர். இயலில் பின்விடை போகிறது. முதல் இடத்தில் மட்டும் "அசிங்க்ரனஸ்" என்றும் சேர்க்கிறேன்.

இலக்கண ஆசிரியர்:
சேர்க்காதீர்கள், சேர்த்தால் அதுதான் நிலைக்கும், பின்விடை உதிர்ந்துவிடும். இழையை நிறுத்திவைக்கும் சிங்க்ரனஸ் கோரிக்கைக்கும் விடை பின்னால்தானே வருகிறது? அதை என்னவென்று அழைப்பீர்கள்? காத்திருப்புக் கோரிக்கை, காத்திராக் கோரிக்கை என்றால் இணை தானாக அமைகிறது. என் வாக்கு மாறவில்லை.