பயிற்சியில் மடிந்த ஓர் இளம் விமானி

அன்பின் ஊரவர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படைக்காகப் பலாலி ஓடுபாதை அமைக்கப்பட்டபோது, நமது செம்பாட்டு மண்ணில் கல் சுமந்தவர்களுள் என் பேரனாரும் ஒருவர். அங்கு வந்திறங்கிய விமானிகளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "மீசை அரும்பாத பொடியங்கள்" என்பார். ஒன்ராறியோவில் நான் வாழும் சிற்றூரின் இடுகாட்டில், இருபது வயதில் இறந்த ஓர் ஆங்கிலேயப் பயிற்சி விமானியின் கல்லைக் கண்ட அன்று அந்தச் சொல்லே என் காதில் ஒலித்தது.

அவர் போர்முனையைக் கண்டதில்லை. பயிற்சி விமானம் விழுந்து இறந்தவர். "சண்டையில் சாகவில்லையே" என்று அருகில் நின்ற ஒருவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. 17.12.1939 அன்று கையொப்பமான பொதுநலவாய விமானப் பயிற்சித் திட்டத்தின் கீழ், 1945 பங்குனி (மார்ச்) வரை 131,000க்கு மேற்பட்டோர் கனடாவில் பயின்று வெளியேறினர். எதிரி விமானங்கள் எட்டாத தொலைவில் பரந்த வெளி இருந்தமையால் இந்த நாடு தெரிவுசெய்யப்பட்டது. ஆயினும் பள்ளிப் படிப்பை விட்டு ஓரிரு ஆண்டுகளே ஆன பிள்ளைகள், சில வாரங்கள் டைகர் மொத் என்னும் சிறிய இரட்டை இறக்கை விமானத்தில் பழகிய கையோடு, அதைவிடப் பன்மடங்கு வலுவுள்ள மஞ்சள் நிற ஹார்வட் விமானத்தை இரவிலும் தனியே செலுத்த வேண்டியிருந்தது. எதிரியே இல்லாத அந்த வானத்தில் 850க்கு மேற்பட்டோர் பயிற்சியின்போது மடிந்தனர். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படை இழந்த 55,573 பேரிலும் 8,000க்கு மேற்பட்டோர் பயிற்சியிலும் பிற விபத்துகளிலும் இறந்தவர்களே.

இறந்தவரின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்வதில்லை என்பது அக்காலப் பிரித்தானிய விதி. கடல் கடந்து வந்து இந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்க அந்தத் தாயாருக்கு வாய்த்திருக்குமா என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. பிள்ளை எங்கே விழுந்தான் என்று அறியாமலே கண்மூடிய தாய்மாரை நமது ஊரிலேயே கண்டவர்கள் நாம். கல்லறைப் பதிவேட்டில் பெற்றோரின் பெயர் மட்டுமே உண்டு. மனைவியின் பெயர் இல்லை. நம் வழக்கப்படி சொன்னால், கீரிமலையில் தீர்த்தமாடித் திவசம் கொடுக்க ஒரு பிள்ளை இல்லாமற் போனவர் அவர்.

பிரான்ட்ஃபோர்ட், எய்ல்மர், டன்வில் ஆகிய ஊர்களிலும் அன்று விமானப் பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. அப்பக்கம் வாழும் நம்மவர்கள் தத்தம் ஊர் இடுகாடுகளில் இத்தகைய கற்கள் உள்ளனவா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். போரில் இறந்தோரை இந்நாடு நினைவுகூரும் வரும் கார்த்திகை (நவம்பர்) 11 அன்று காலை, நானும் என் பிள்ளைகளும் இந்தக் கல்லைச் சுற்றியுள்ள சருகை அகற்றிப் பூ வைக்கவுள்ளோம். அவருடைய பெயரை உரக்க வாசிக்கும் பொறுப்பைச் சின்னவன் கேட்டு வாங்கியிருக்கிறான்.