கண்டாங்கிக் கரையில் ஊசித்துளை: தெருக்கடைகள் மேல் விழுந்த பழி

செக்காலை சேது:
மதுரைத் தம்பி ஒருவர் காணொளி போட்டிருக்கிறார். காரைக்குடியில் சின்ன ஜவுளிக்கடைகளில் கண்டாங்கிச் சேலை வாங்காதீர்களாம். அங்கே இருப்பதெல்லாம் விசைத்தறியாம். நம்பி வாங்க வேண்டுமானால் நாலு மாடிக் கடைக்குத்தான் போக வேண்டுமாம். பஸ்ஸை விட்டு இறங்கி, மெஸ்ஸில் ஒரு பிடி பிடித்துவிட்டு, சாயங்காலம் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். கல்லுக்கட்டிப் பக்கமும் கொப்புடையம்மன் கோவில் பக்கமும் தாத்தா காலத்துக் கல்லாப்பெட்டியோடு இன்னும் உட்கார்ந்திருக்கிறவர்களை இவருக்குத் தெரியுமா? சேலையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து பிரித்துக் காட்டுவார்கள். டியூப்லைட்டில் அரக்கும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும் என்று அவர்களே சொல்வார்கள். அப்படி வாங்கிய கண்டாங்கி என் வீட்டில் இருக்கிறது. கரையோரம் ஊசித்துளை இருக்கிறது. ஊசித்துளை இருந்தால் கைத்தறி. இது தெரியாதவர் எல்லாம் எதற்குக் காணொளி போடுகிறார்?

தேவகோட்டை மாப்பிள்ளை:
சேது அண்ணே, ஊசித்துளை இருந்தால் கைத்தறி என்றால் என் பெண்டாட்டி தைத்த தலையணை உறையும் கைத்தறிதான்.

பாவுநூல்:
எங்கள் வீட்டில் தறி இருந்தது, அதனால் சொல்கிறேன். நெய்யும்போது துணி உள்பக்கம் சுருங்கும். அகலம் குறையாமல் இருக்க, முனையில் ஊசி வைத்த கட்டையைக் குறுக்கே போட்டு இரண்டு கரையையும் இழுத்துப் பிடிப்போம். நெய்ய நெய்ய அதைப் பிடுங்கித் தள்ளிக் குத்த வேண்டும். அந்தத் துளையைத்தான் அண்ணன் பார்த்திருக்கிறார். ஆனால் விசைத்தறியிலும் கரையைப் பிடிக்க ஊசி உருளை உண்டு. அதுவும் துளை போடும். கட்டையில் விட்டு விட்டு விழும், உருளையில் தொடர்ந்து வரும். துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துவிட்டால் இரண்டும் மங்கிவிடும். துளையை மட்டும் வைத்துக் கைத்தறி என்று சத்தியம் செய்ய முடியாது.

செக்காலை சேது:
தறி "இருந்தது" என்கிறீர்கள். இப்போது இல்லை. சரி. என் சேலையில் ஊசித்துளை இருக்கிறது. இப்போதும் இருக்கிறது.

புதுவயல் வாத்தியார்:
எதைக் கைத்தறி என்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி விசைத்தறி அல்லாத தறி எல்லாம் கைத்தறிதான். சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் என்று 11 இனங்களில் குறிப்பிட்ட வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடு வேறு விஷயம். கடையில் தொங்கும் கட்டம் போட்ட சேலை எல்லாம் அந்தக் குறியீட்டுக்குள் வராது. நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

தேவகோட்டை மாப்பிள்ளை:
வாத்தியாரே, மணி அடித்துவிட்டது.

செக்காலை சேது:
துளையைப் பற்றிப் பேசுகிறோம் வாத்தியாரே.

சிங்கப்பூர் வள்ளி:
எனக்கு இரண்டு இடத்து அனுபவமும் உண்டு. பெரிய கடையில் கண்டாங்கி கேட்டால் நாலு சேலையைத் தூக்கிப் போட்டு "மேடம், இப்போ இதுதான் ஓடுது" என்பார்கள். அதில் ஒன்றில் சரிகை மயில். கண்டாங்கியில் மயில் எங்கே வந்தது? தெருக்கடையில் அப்படி இல்லை. எந்த வீடு என்று சொன்னால் போதும், ஆத்தாவுக்குக் கடுகு மஞ்சள் பிடிக்கும், அப்பத்தா கறுப்புக் கரை தவிர எதையும் தொடமாட்டார்கள் என்பதுவரை ஞாபகம் வைத்திருப்பார்கள். வரமுடியாத ஆச்சிமார் வீட்டுக்கு ஒரு கட்டுச் சேலையையே அனுப்பி வைப்பார்கள். ஆனால் பில் கேட்டால் முகம் சுருங்கும். வாங்கிய சேலையை மாற்றித் தரமாட்டார்கள். சாயம் போகிறது என்று கொண்டுபோனால் "உப்புத் தண்ணியில் முக்காம துவைச்சீங்களா?" என்று நம் மேலேயே திருப்பிவிடுவார்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று ஒரு கடையில் கேட்டேன். "எங்க வாய்ச்சொல்லே முத்திரைதான் ஆச்சி" என்றார்.

தேவகோட்டை மாப்பிள்ளை:
அந்த வாய்ச்சொல்லைத் துவைத்துப் பார்த்தீர்களா ஆச்சி? கரையில் துளை விழுந்ததா?

செக்காலை சேது:
வள்ளி ஆச்சி, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இறங்கி, பில் கொடு, முத்திரை கொடு, மாற்றிக் கொடு என்றால் எப்படி? அந்த முத்திரை வந்ததே 2006-ல்தான். அதற்கு முன்னால் நம் அப்பத்தாமார் கணுக்கால் தெரியக் கட்டிய சேலை எல்லாம் போலியா? ஒரு கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும்போது எத்தனை சேலை அடுக்குவோம்! அத்தனையும் இந்தக் கடைகளில் பற்று எழுதி வாங்கியவை. பணம் எப்போது வரும் என்று ஒருத்தர் கேட்டதில்லை. நாலு மாடிக் கடையில் கல்லாவில் போய் "தை பிறந்ததும் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், காவலாளியைக் கூப்பிடுவார்கள். மயில் போட்ட சேலைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. என் சேலையில் மயில் இல்லை, ஊசித்துளைதான் இருக்கிறது.

பாவுநூல்:
அண்ணே, விசைத்தறியிலும் துளை விழும்.

செக்காலை சேது:
விழட்டும். இது விசைத்தறி இல்லை. அதுதான் துளை இருக்கிறதே.

விளக்குத்தூண் வாசி:
காணொளி போட்ட தம்பி எங்கள் ஊர் என்பதால் எழுதுகிறேன். அவர் சொன்ன விதம் தப்பாக இருக்கலாம். அதற்காக மதுரையை இழுக்காதீர்கள். எங்கள் சுங்குடிச் சேலை உங்கள் கண்டாங்கிக்கு முன்பே புவிசார் குறியீடு வாங்கியது. அது போகட்டும், உங்கள் ஊர்க் கல்யாணப் பட்டு எல்லாம் எங்கே எடுக்கிறீர்கள்?

செக்காலை சேது:
வந்துவிட்டார்கள். சுங்குடியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற வீடு இன்று எத்தனை, அச்சு அடிப்பது எத்தனை என்று முதலில் உங்கள் தெருவில் கேளுங்கள். அப்புறம் எங்கள் கடைவீதிக்கு வரலாம்.

விளக்குத்தூண் வாசி:
பட்டு எங்கே எடுக்கிறீர்கள் என்றேன். பதில் இல்லை.

தேவகோட்டை மாப்பிள்ளை:
பதில் வராது. நமது அண்ணன்தான் போன தடவை ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுடுகிறார்கள் என்று விடிய விடியச் சாதித்தவர். கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் காய வைக்கிற கல் அது. அந்த ஊர்க்காரரே வந்து சொன்னார். அவருக்கும் "நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை" என்று பதில் போட்டார்.

செக்காலை சேது:
அந்தப் பேச்சை எடுக்காதே. சூடு என்று நான் சொன்னது வெயில் சூட்டை. அது இருக்கட்டும் மாப்பிள்ளை, தேவகோட்டையில் உனக்கு ஒரு ஜவுளிக்கடை கிடைக்காமல்தானே தீபாவளிக்குத் தீபாவளி செக்காலை ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் தெருவை அடைக்கிறீர்கள்?

தேவகோட்டை மாப்பிள்ளை:
தேவகோட்டையில் கடை இருக்கிறது, அண்ணே. கடைக்காரர் துளை காட்டி வியாபாரம் செய்வதில்லை. அதுதான் வித்தியாசம்.

சிங்கப்பூர் வள்ளி:
நான் சொன்ன பில் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பற்று எழுதி வாங்குவது உள்ளூரில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சரி. புதிதாக வருகிறவர் எதை நம்பி வாங்குவார்?

பாவுநூல்:
ஆச்சி, முத்திரை ஒட்டிய சேலை வேண்டுமென்றால் நெசவாளர் சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ எடுங்கள். கோ-ஆப்டெக்ஸ் 1935-லிருந்து இருக்கிறது. தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. நெய்கிறவருக்கும் கூலி போகும். தெருக்கடையோ மாடிக்கடையோ, நெசவாளிக்குக் கிடைப்பது என்ன என்று இங்கே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

செக்காலை சேது:
தலைப்பு தெருக்கடை. கூலியைப் பற்றித் தனியாக ஆரம்பியுங்கள், வந்து பேசுகிறேன். இவ்வளவு நேரம் நாகரிகம் பார்த்தேன், இனிமேல் பேச்சில்லை. கரையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள். வரிசையாக ஊசித்துளை. இதற்கு மேல் ஒருவருக்கு நிரூபிக்க என்னால் முடியாது.

புதுவயல் வாத்தியார்:
இடைவெளி விட்டு இருக்கிறதா, தொடர்ந்து இருக்கிறதா? அந்த வித்தியாசத்தைத்தான் பாவுநூல் சொன்னார்.

செக்காலை சேது:
இருக்கிறது.

தேவகோட்டை மாப்பிள்ளை:
பெரிதாக்கிப் பார்த்தேன் அண்ணே. உங்கள் கட்டைவிரல் நன்றாகத் தெரிகிறது. பக்கத்தில் சிவப்பாக ஏதோ கறை. சாம்பாரா?

செக்காலை சேது:
சாம்பார் இல்லை. அது கரையின் அரக்கு, துவைத்ததில் கொஞ்சம் சேலையின் உடம்பில் இறங்கியிருக்கிறது.

சிங்கப்பூர் வள்ளி:
அப்போ சாயம் போகிறது.

செக்காலை சேது:
போகவில்லை ஆச்சி. உப்புத் தண்ணியில் முக்காமல் துவைத்துவிட்டார்கள்.

விளக்குத்தூண் வாசி:
பட்டு எங்கே எடுக்கிறீர்கள்?