ரம்மியில ஸ்கூட் (கைய ஆடாம கவுத்து வைக்கிறது) விட்டிருக்கணும்னு இன்னும் உறுத்துற ஆட்டம் இருந்தா சொல்லுங்க

திருமங்கலத்து மாப்ள
போன தை மாசம் அத்தை மகன் கல்யாணம். பொண்ணழைப்பு முடிஞ்சு சாப்ட்டுட்டு மண்டபத்து மாடியில ஜமுக்காளத்த விரிச்சு ஆறு பேரு உக்காந்தாச்சு, 201 ரம்மி (பாயிண்ட் ஏறி 201 தொட்டவன் வெளிய), ஆளுக்கு நூறு ரூவா. வந்த கையெல்லாம் குப்பை, நானும் வரிசையா நாலு ஸ்கூட், நூறு பாயிண்ட் ஏறிப்போச்சு, ஆனா உள்ள நிதானமாத்தான் இருந்தேன். அஞ்சாவது கை பிரிச்சா ராஜா ரெண்டு, ஜாக்கி ஒன்னு, ராணி ஒன்னு, ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்ல, இஸ்பேடு எட்டும் ஒம்பதும் மட்டும் ஒட்டிக்கிட்டு கெடக்கு, ஜோக்கரு இல்ல. கவுத்து வைக்க கைய இறக்கிட்டேன். அப்பதான் எதுத்தாப்புல இருந்த மாமா "ஏய்யா மாப்ள, சீட்டாட வந்தியா ஸ்கூட் விட வந்தியா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாய்ங்க, பந்தி பரிமாறுன பையன் ஒருத்தன் தூக்குவாளியோட நின்னு அவனும் சிரிச்சான். இறக்குன கைய அப்படியே திருப்பி கட்டுல இருந்து ஒரு சீட்டு எடுத்தேன்யா. அந்த ஒரு செகண்டுதான் இன்னும் மண்டைக்குள்ள ஓடுது.

ஆறாவது சுத்துல அதே மாமா எல்லாம் சேத்து ஷோ காட்டிட்டாரு. எனக்கு ரம்மியே (ஒரே சாதியில வரிசையா மூணு சீட்டு) சேரல, ஃபுல்லு, அதாவது முழு பாயிண்டும், 80. 180ல உக்காந்தா அடுத்த கை எவ்வளவு கேவலமா வந்தாலும் ஸ்கூட் விட முடியாதுல்ல, 25 சேத்தா 205. அந்த கையும் ஆடித்தான் ஆகணும்னு ஆடி காலி. நூறு ரூவா பெரிய விசயமில்ல.

ஒத்தக்கடைக்காரன்
எனக்கு தலைகீழ் கத. ஆர்ட்டின் ராஜா ராணி வச்சுக்கிட்டு மத்தது ஒன்னுமில்லன்னு கவுத்துட்டேன். சும்மா இருக்காம கட்டுல மேல இருந்த சீட்ட தூக்கி பாத்தேன். ஆர்ட்டின் ஜாக்கி. எனக்கு வர வேண்டியது. அன்னைக்கி இருந்து ஒரு வருசம் நான் ஸ்கூட்டே விடல, எந்த கை வந்தாலும் ஆடுறது. எவ்வளவு போச்சுன்னு வீட்டம்மா இதப் படிப்பா, அதனால சொல்லல.

கீழவாசல் கணக்குப்பிள்ள
ஒத்தக்கடை அண்ணே, உங்க தப்பு ஸ்கூட் விட்டதுல இல்ல, அந்த சீட்ட தூக்கி பாத்ததுல. ஜாக்கி வந்தா ஒரு ரம்மி சேரும் சரி, மிச்சம் பத்து சீட்ட என்ன பண்ணுவீங்க? விட்ட கைய திரும்பிப் பாக்காதீங்க, நல்லா இருந்துச்சுன்னு தெரிஞ்சாலும் கேடு, மோசமா இருந்துச்சுன்னு தெரிஞ்சாலும் கேடு, ரெண்டுமே அடுத்த கைய கெடுக்கும்.

மாப்ள உங்களுக்கும் சொல்றேன். 201ல ஸ்கூட் 25, சீட்டு எடுத்தப்பறம் விடுற மிடில் ஸ்கூட் 50, ஃபுல்லு 80. மூணு கெட்ட கைய வரிசையா விட்டாக்கூட 75தான், ஒத்த ஃபுல்லுக்கு கம்மி. அப்பறம் அந்த இஸ்பேடு எட்டு ஒம்பத நம்பி எடுத்தீங்கல்ல, அதுக்கு ஏழு வேணும் இல்லாட்டி பத்து வேணும், ரெண்டு கட்டுல அது ரெண்டு இது ரெண்டு, ஆக நாலே நாலு சீட்டு. ஆறு பேருக்கு பதிமூணு வீதம் 78 சீட்டு ஏற்கனவே ஆள் கையில போயிருச்சு. கட்டுல என்ன மிச்சம் கெடக்கும்னு யோசிச்சீங்களா? முதல் சீட்டு எடுக்குறதுக்கு முன்னாடி யோசிக்கிறதுதான் மலிவு, ஒரு சீட்ட எடுத்துட்டீங்கன்னா விலை ரெண்டு மடங்கு. அதோட ஸ்கூட்டும் சும்மா வர்றதில்லங்கிறத மறக்கக்கூடாது, நீங்க எட்டு கை விட்டா 200, ஒம்பதாவது வெளிய. அதனால எல்லா கையையும் விடுறவனும் ஏமாளிதான். அப்பறம் கல்யாண வீட்டுல எப்பவும் சொவத்துல சாஞ்சு உக்காருங்க, பின்னாடி ஆள் நிக்க விடாதீங்க, டீ வந்தா ஆட்டம் முடிஞ்சு குடிங்க, கீழ கெடக்குற சீட்ட எடுத்தா என்ன சேக்குறோம்னு ஊருக்கே தெரியும். நானும் ஒரு தடவ வாட்ச கழட்டிக் குடுத்தவன்தான், அத இன்னொரு நாள் சொல்றேன்.

திருமங்கலத்து மாப்ள
அண்ணே சொவத்துல சாஞ்சுதான் உக்காந்திருந்தேன்.

புளியங்கொட்ட போக்கர்
நான் ரம்மி ஆளு இல்ல, போக்கரு. திருப்பரங்குன்றம் பக்கம் ஹாஸ்டல்ல இருந்தப்ப கத்துக்கிட்டோம், காசு கெடையாது, புளியங்கொட்டைதான் சிப்ஸ், மெஸ்ஸுல ஆயாகிட்ட கேட்டு வாங்கி வச்சிருந்தோம். போக்கர்ல கைய விடுறது இன்னும் மலிவு, பிளைண்ட் (சீட்ட பாக்கும் முன்னாடியே கட்டாயமா போடுற காசு) போட வேண்டிய முறை வராதப்ப ஒரு பைசா நட்டமில்லாம ஃபோல்டு பண்ணலாம். ஆனா அதான் கஷ்டமே. கையில தர்ற ரெண்டு சீட்டும் ஏஸா வர்றது 221 கைக்கு ஒரு தடவ, அதுவரைக்கும் எவன் சும்மா உக்காந்திருப்பான்?

எங்க ரூம்ல ஒருத்தன் இருந்தான். சாயங்காலம் முழுக்க விட்டுக்கிட்டே இருப்பான், வறுத்த கடலைய உரிச்சு தின்னுக்கிட்டு. அன்னைக்கி எனக்கு ரெண்டு ராஜா. நான் ஏத்துனேன், அவன் மட்டும் கூட வந்தான். ஃப்ளாப்ல (நடுவுல பொதுவா திறக்குற முதல் மூணு சீட்டு) ஏஸ், ஒம்பது, நாலு. குழியில 60 கொட்ட கெடக்கு, ஒரு மணி நேரமா ஒன்னும் போடாத பய 40 கொட்டைய எண்ணி தள்ளுறான். எனக்கு தெரியும்ங்க. வயித்துக்குள்ள தெரிஞ்சிருச்சு தோத்துட்டேன்னு. ஆனா ராஜா ரெண்ட எப்படி கீழ வைக்கிறது, ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்த கை. போட்டேன். நாலாவது பொதுச் சீட்டு டர்ன்லயும் போட்டேன், அஞ்சாவது ரிவர்லயும் போட்டேன். திருப்புனா ஒம்பது ரெண்டு வச்சிருக்கான், ஆக மூணு ஒம்பது. கொட்டைய அள்ளுறப்பக்கூட அவன் மூஞ்சில ஒன்னுமில்ல, வாய்க்குள்ள கடலைய மென்னுக்கிட்டே "அடுத்து யாரு போடுறது"ன்னான். வருசம் பன்னெண்டு ஆச்சு, கடலத் தோலு ஒடையிற சத்தம் கேட்டா இப்பவும் கடுப்பாகும்.

கீழவாசல் கணக்குப்பிள்ள
60ல அவன் 40 போட்டா நீங்க 40 போட்டு மொத்தம் 140. நூத்துக்கு 29 தடவையாச்சும் ஜெயிச்சாத்தான் கட்டும். மூணு ஒம்பதுக்கு எதிரா ராஜா வர மிச்சம் ரெண்டு சீட்டு, ரெண்டு வாய்ப்பு, நூத்துக்கு ஒம்பது தடவைக்குள்ளதான் வரும். ராஜா ரெண்டு வச்சிருக்கவனுக்கு ஃப்ளாப்ல ஏஸ் தட்டுப்படுறது நாலுக்கு ஒன்னுக்கு கொஞ்சம் கம்மியா நடக்குற விசயம், அதுக்கு...

புளியங்கொட்ட போக்கர்
கணக்கு எனக்கும் தெரியும் சார். அவன் கையில ஒம்பதுன்னு எனக்கு அப்ப தெரியாதுல்ல. வயித்துக்கு தெரிஞ்சது கைக்கு தெரியலங்கிறதத்தான் எழுதிருக்கேன்.

நைட் ஷிப்ட்
எல்லாரும் சிரிச்சுக்கிட்டு எழுதுறீங்க. நான் போன் ஆப்ல காசுக்கு ரம்மி ஆடுனவன். உங்க கணக்குப்பிள்ள சொல்ற மாதிரியே ஆடுனேன், கெட்ட கைய ஒன்னு விடாம டிராப் பண்ணுனேன், என் டிராப்ல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஆனா நிமிசத்துக்கு ஒரு ஆட்டம், ஒவ்வொரு ஆட்டத்துலயும் கம்பெனிக்காரன் ஒரு பங்கு எடுத்துக்குவான். ராத்திரி ரெண்டரைக்கு பாத்ரூம்ல தண்ணிய தெறந்து விட்டுட்டு உக்காந்து ஆடிருக்கேன், சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு, பக்கெட்டு நெறஞ்சு தரையெல்லாம் ஓடி செருப்பு மெதக்குது, நான் டிராப் பட்டன அமுக்கிட்டு அடுத்த கைய பாத்துக்கிட்டு இருக்கேன். கைய மட்டும் விட்டேன், ஆட்டத்த விடல. ரெண்டு மாச வாடகை.

2025 பிப்ரவரில ராத்திரி 12ல இருந்து காலைல 5 வரைக்கும் ஆப்ல ஆடக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல விதி வந்துச்சு, எனக்கு அதுவே பாதி மருந்து. ஆகஸ்ட்ல மத்திய சட்டம் வந்து ஆப்ல காசு ஆட்டமே நின்னுச்சு.

ஒத்தக்கடைக்காரன்
தம்பி வருத்தமாத்தான் இருக்கு, ஆனா ரம்மி திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே 1967ல சொல்லிருச்சு, சீட்டு மேல பழி போடாதீங்க.

நைட் ஷிப்ட்
திறமை ஆட்டம்தாண்ணே. நான் திறமையாத்தான் தோத்தேன்.

சோழவந்தான் பேத்தி
பொம்பளைங்க யாரும் எழுதலயேன்னு எழுதுறேன். எங்க அம்மாச்சி ரம்மி ஆடும், நல்லா ஆடும். வெத்தலைக்கு நரம்பு கிழிச்சுக்கிட்டே ஒரு கையால சீட்ட விரிக்கும், ஒரே பார்வ, மூடும், வேணாம்னா கவுத்து வச்சுட்டு வெத்தலைய தொடரும். ரெண்டாவது தடவ பாத்து நான் பாத்ததே இல்ல. மாமாமாரு எவ்வளவு கிண்டல் பண்ணுனாலும் காதுல விழாத மாதிரி இருக்கும், பாதி நெசமாவே விழாது.

கடைசியா அது ஆடுனது ஒரு தீபாவளி ராத்திரி. கைய விரிச்சுச்சு, மூடுச்சு, கவுத்துருச்சு. அது சுண்ணாம்பு டப்பாவ தேட திரும்புனப்ப நான் மெல்ல தூக்கி பாத்தேன் (கணக்குப்பிள்ள அண்ணே திட்டாதீங்க). டைமன் மூணு நாலு அஞ்சு ரம்மி ரெடியா இருக்கு, கிளாவர்ல ஏழு எட்டு, அதுபோக ஜோக்கரு ரெண்டு. என்ன அம்மாச்சி இத போயி விட்டுட்டீகன்னேன். மெதுவா எங்கிட்ட குனிஞ்சு, "மணி பதினொன்னாச்சுடி, இத ஜெயிச்சா இன்னொரு ஆட்டம்பாய்ங்க, எனக்கு தூக்கம் வருது"ன்னுச்சு. எந்திரிச்சு போயி படுத்துருச்சு. நான் அந்த சீட்ட மத்தவுக பாக்குறதுக்குள்ள கட்டோட கலந்து விட்டேன்.

திருமங்கலத்து மாப்ள
இதப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒன்னும் தோணல. அம்மாச்சி பெரிய ஆளு.

எங்க மாமா வர்ற ஆவணியில மகளுக்கு கல்யாணம் வச்சிருக்காரு, அதே மண்டபம். பத்திரிகை வைக்க வந்தவரு எங்க அப்பாகிட்ட "ஸ்கூட் மாப்ள வருவாப்லல்ல"ன்னு கேட்டுட்டு போயிருக்காரு.